கயிற்றின் இந்த முனை

வாலுக்கு அடியில் கையகலத்துக்கு ரோமம் இல்லை, இடது முன்காலில் பழைய தழும்பு, வலது கண்ணில் லேசாகப் பூ விழுந்திருக்கிறது, கழுத்துப் பக்கம் ஒரு ஷேடு, முதுகுப் பக்கம் வேறு ஷேடு, காது ரெண்டும் சுத்தமாகக் கேட்காது. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கண் அப்படிப் பழகிவிட்டது, என்ன செய்வது? பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் முன்னால் நின்று நின்றே பாதி ஆயுசு போய்விட்டது. ட்யூப் லைட்டுக்கு அடியில் பீஸை விரித்தால் அதில் போட்டிருக்கும் பொம்மை தெரியாது, கலர் தெரியாது, எந்த ஊர்க் குழந்தை போடப்போகிறது என்று தோன்றாது. ஓட்டை தெரியும், ஆயில் கறை தெரியும், தையல் தாண்டியது தெரியும். தெரிந்த இடத்தில் அம்பு போட்ட ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிட வேண்டும். அடுத்த பீஸ். கம்பெனியை மூடி மாசக்கணக்காகிவிட்டது, கை மட்டும் அம்பு ஒட்டுவதை நிறுத்த மாட்டேன் என்கிறது. எதிரில் வருகிற ஆள் மேல் ஒட்டுகிறேன், வீட்டுச் சுவர் மேல் ஒட்டுகிறேன், தூங்குகிற என் வீட்டுக்காரர் சென்னியப்பன் மேல் ஒட்டுகிறேன்: தோள் இறங்கியிருக்கிறது, முதுகு வளைந்திருக்கிறது, ஆல்ட்டர் பண்ணவும் ஆகாது. இப்போது இந்த நாய். கயிற்றின் ஒரு முனை அதன் கழுத்தில், இந்த முனை என் கையில். காலையிலிருந்து இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறோம். ஒரு கல்யாண மண்டபத்தில் வண்டி நிறுத்துகிற இடம், மேலே ஷாமியானா, வாசலில் போன முகூர்த்தத்துக்குக் கட்டின வாழைமரம் காய்ந்து தொங்குகிறது. நாய்கள், பூனைகள், ஒரு கூண்டில் லவ் பேர்ட்ஸ். திருப்பூரில் யார் யாரோ ஆசையாக வளர்த்து, வேலை போய், வீட்டைக் காலி பண்ணும்போது விட்டுவிட்டுப் போனவை. 'எங்களுக்கு ஒரு வீடு வேண்டும்' என்று பேனர் கட்டியிருக்கிறது. எங்களுக்கும்தான் என்று நினைத்தேன். சிரிப்பு வரவில்லை.

இதையெல்லாம் இழுத்துப்போட்டுச் செய்கிறவள் தாரணி. வாயில் மேடம் என்று வரும், மனசுக்குள் தாரணிதான். என் மகளைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருப்பாள். நாய்த்தீனி, நாய்ச் சோப்பு, பெல்ட் எல்லாம் விற்கிற கடை வைத்திருந்தாள். ஊரில் வேலை போனதும் ஜனங்கள் முதலில் நிறுத்தினது அதைத்தான். வாங்குகிறவர்கள் வரவில்லை, அவர்களுடைய நாய்கள் வந்து கடை வாசலில் நின்றன. பாவம் பார்த்து ஒன்றைச் சேர்த்தாள், அப்புறம் இன்னொன்று, கடைக்குப் பின்னால் இருந்த ஷெட்டே நிறைந்துவிட்டது. கூட்டிப் பெருக்க, சோறு பொங்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டாள். நாய்க்குப் பொங்கப் போகிறாயா என்று நாத்தனார் கேட்டாள். மனுசங்களுக்குப் பொங்கி என்ன கண்டேன் என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. பழைய நாகமணியாக இருந்தால் அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். இன்றைக்குக் காலையில் வேனில் வரும்போது தாரணி என் பக்கம் திரும்பாமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அக்கா, கடையையும் ஷெட்டையும் நாளைக்குக் காலி பண்ணிக் குடுக்கோணும். இன்னிக்கு யார் எதைக் கூட்டிட்டுப் போறாங்களோ போகட்டும். மிச்சம் நிக்கறதை எடுத்த எடத்துலயே கொண்டுபோய் விடறதுதான். எனக்கு வேற வழி தெரியலைங்க்கா." சரிங்க மேடம் என்றேன். சரி என்பது எவ்வளவு லேசாக வாயிலிருந்து வந்துவிடுகிறது. கம்பெனியில் எல்லோரையும் கூட்டி வைத்து, ஆர்டர் வந்ததும் கூப்பிடறோம் என்று சொன்னபோதும் சரிங்க சார் என்றுதான் சொன்னேன். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் எல்லாம் அழுதார்கள். நான் டேபிளைத் துடைத்து வைத்துவிட்டு வந்தேன். எடுத்த இடம் என்றால், இந்த நாய்க்கு பைபாஸ் ரோட்டோரம் இருக்கிற பைரவர் கோயில்.

பைரவர் கோயிலில் நாயை விடுவது இப்போது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. நாய் அவருக்கு வாகனம், அவர் பார்த்துக்கொள்வார், தெருவில் விட்டால்தான் பாவம், கோயிலில் விட்டால் ஒப்படைத்த மாதிரி என்று ஒரு நினைப்பு. தேய்பிறை அஷ்டமி பார்த்துத்தான் கொண்டுவருவார்கள். அன்றைக்குக் கூட்டம் இருக்கும், வடைமாலை சாத்துவார்கள், கும்பிட வருகிற எல்லோர் கையிலும் நாய்க்கென்று பிஸ்கட் பாக்கெட் இருக்கும். அதைப் பார்த்ததும் இவர்களுக்கு மனசு ஆறிவிடும். வேலிக் கம்பியில் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். மறுநாள் அங்கே ஈ காக்கை இருக்காது என்று அவர்களுக்குத் தெரியாது. மறுநாள் வந்து பார்த்தால்தானே தெரியும்? பைரவர் அவர் பாட்டுக்கு நின்றுகொண்டிருப்பார், வாகனம் பட்டினி கிடக்கும். நாங்கள் போனபோது இது அப்படித்தான் கிடந்தது. கழுத்தில் வாடின செவ்வந்தி மாலை, நெற்றியில் விபூதி, அதன் மேல் குங்குமம். யாரோ குளிப்பாட்டி, தலை துவட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டு அனுப்பியிருக்கிறார்கள். பொட்டு நட்டநடுவில் கச்சிதமாக இருந்தது. கை நடுங்காமல் வைத்த பொட்டு. அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, வயிறு எரியவும் இல்லை, பொட்டு எவ்வளவு சரியாக இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். ரோட்டில் போன லாரி காது கிழிகிற மாதிரி ஹார்ன் அடித்தது. நாங்கள் எல்லோரும் திடுக்கிட்டோம், இது திரும்பவில்லை. அப்புறம் தாரணி அதன் பின்னால் போய் நின்று கை தட்டிப் பார்த்தாள், தட்டைத் தட்டிப் பார்த்தாள். ம்ஹூம். அந்த ரோட்டில், அந்த லாரிகளுக்கு நடுவில், காது கேட்காத நாய். கொண்டுபோய் விட்டால் ஒரு பொழுது தாங்காது. இன்றைக்கு யாராவது கூட்டிக்கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் அவ்வளவுதான். இதை நினைக்கும்போது எனக்குள் ஏதாவது ஆக வேண்டும். நினைத்துப் பார்க்கிறேன், இன்னொரு தடவை நினைத்துப் பார்க்கிறேன், ஊசி போட்ட பல்லை நாக்கால் தொடுகிற மாதிரி இருக்கிறது. பல் இருக்கிறது, அது என்னுடையதாக இல்லை.

மற்ற நாய்களுக்கெல்லாம் தாரணி பெயர் வைத்தாள். இதைப் பைரவன் என்று சொல்லிப் பார்த்தாள், காது கேட்காததற்குப் பெயர் எதற்கு என்று அவளே விட்டுவிட்டாள். நான் பெயர் வைக்கவில்லை. ஷெட்டில் குதிகாலால் தரையை ஒரு தட்டுத் தட்டுவேன், எந்த மூலையில் கிடந்தாலும் தலையைத் தூக்கி என்னைப் பார்க்கும். கூட்டிப் பெருக்கிக்கொண்டே தட்டுவேன், பார்க்கும். வேலையே இல்லாமல் சும்மாவும் தட்டுவேன், அப்போதும் பார்க்கும், எதற்குக் கூப்பிட்டாய் என்று சலித்துக்கொள்ளாது. என்னை யாரும் அப்படிப் பார்த்து ரொம்ப நாளாகிறது. வீட்டில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. எங்கள் வீடு வரிசையாக ஒட்டிக் கட்டின லைன் வீடுகளில் ஒன்று, ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. மகள் சிந்துஜா கைக்குழந்தையோடு வந்துவிட்டாள். மாப்பிள்ளை பெங்களூருக்கு வேலை தேடிப் போனவர் போனில் மட்டும் இருக்கிறார். சென்னியப்பன் தையல்காரர், ஊரிலேயே நல்ல கை என்று பேர் வாங்கினவர், இப்போது ஒரு குடோனுக்கு வாட்ச்மேன். காலையில் வந்து முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிப் படுத்துக்கொள்கிறார். வாடகை வாங்குகிற வீட்டுக்காரம்மா, யாராவது கோழி வளர்த்தாலே சத்தம் போடுகிறவள், நாய் என்று வாயைத் திறந்தால் போதும், அடுத்த மாசம் வேறு வீடு பார்த்துக்கங்க என்று சொல்லிவிடுவாள், எந்தச் சாக்குக் கிடைக்கும் என்று காத்துக்கொண்டிருக்கிறாள். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். இருந்தும் ராத்திரி படுத்தால் சமையல்கட்டில் கேஸ் சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடத்தை மனசுக்குள் அளந்து பார்க்கிறேன். ஒரு சாக்கு மடித்துப் போட்டால். குரைக்காத நாய்தானே, காது கேட்காததால் அதிகம் குரைப்பதே இல்லை. வெளியில் தெரியவே தெரியாது. அப்புறம் குழந்தை தவழ ஆரம்பிக்கும், அந்த இடத்துக்குத்தான் முதலில் போகும். சாக்கை எடுத்து மடித்து வைத்துவிடுகிறேன், எல்லாம் மனசுக்குள்தான். அம்மா கல்லு மாதிரி ஆயிட்டே என்று சிந்துஜா சொல்கிறாள். கல் இப்படி இடத்தை அளந்துகொண்டு கிடக்குமா என்ன?

கூட்டம் வருகிறது, போகிறது. குட்டிகள் கை மாறிக்கொண்டே இருக்கின்றன. லவ் பேர்ட்ஸைக் கூண்டோடு ஒரு டீச்சரம்மா வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கூலிங் கிளாஸ் போட்ட ஒருத்தர் என் முன்னால் வந்து நின்று, "தோட்டத்துக்கு நாய் வேணும். ராத்திரியில நல்லாக் குரைக்குமா?" என்றார். "காது கேக்காதுங்க" என்றேன். "அட, அப்ப இதை வெச்சு என்னங்க பண்றது?" "ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றேன். அவர் அடுத்த நாயிடம் போய்விட்டார். உள்ளதைச் சொன்னேன், அதில் ஒன்றும் தப்பில்லை. அப்புறம் ஒரு புருசன் பெண்டாட்டி. அந்தப் பெண் குனிந்து இதன் தலையைத் தடவிவிட்டாள், இது அவள் கையை நக்கினது, அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் வாலைத் தூக்கி அடியில் காட்டினேன். "இங்க பாருங்க, முடி கொட்டியிருக்குது. கண்ணுலயும் பூ விழுந்திருக்குதுங்க." அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். தாரணி தூரத்திலிருந்து என்னையே பார்த்தாள். என்ன மேடம், மறைக்கச் சொல்றீங்களா? இத்தனை வருசமாக ஒரு குறையை நான் மறைத்ததில்லை, இல்லாத குறையைச் சொன்னதும் இல்லை, என் டேபிளிலிருந்து போன பீஸ் ஒன்றுகூடத் திரும்பி வந்தது கிடையாது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தப் பெண் எழுந்து போனபோது என் கை கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வெயில் ஏற ஏற ஷாமியானாவின் சிவப்பு எல்லார் மேலும் விழுகிறது, நாயும் சிவப்பு, என் கையும் சிவப்பு. எங்கள் லைனில் கடைசி வீட்டில் ஒடிசாக்காரக் குடும்பம் ஒன்று இருந்தது. அவன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர், அவளும் வேலைக்குப் போவாள், ஒரு செவலை நாய் வைத்திருந்தார்கள். ஊருக்குப் போகிற அன்றைக்குக் கோழி எடுத்து, சோற்றில் பிசைந்து அதற்குத்தான் முதலில் வைத்தாள். அது தின்றுகொண்டிருக்கும்போதே சாமானோடு ஆட்டோவில் ஏறிவிட்டார்கள். பாதிச் சோற்றில் அது நிமிர்ந்து பார்த்தது. கோழியா ஆட்டோவா என்று ஒரு நிமிசம் நின்று, அப்புறம் ஆட்டோ பின்னால் ஓடிற்று. அந்த ஒரு நிமிசம்தான் எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. அவளை நான் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். ரயிலில் உட்கார்ந்து வழியெல்லாம் அழுதிருப்பாள். கைவிடுகிறவர்கள் எல்லோரும் நல்லவர்களாகவே இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கெட்டவர்கள் என்றால் முகத்தைப் பார்த்தே உஷாராகிவிடலாம். நல்லபடியாகச் சோறு போட்டு, பொட்டு வைத்து, மாலை போட்டு விட்டுவிட்டுப் போனால் என்ன செய்வது? சிந்துஜாவைப் பெங்களூருக்கு வரச் சொல்லி மாப்பிள்ளை கூப்பிடுவார், அவள் போவாள், போகத்தான் வேண்டும். சென்னியப்பன் அவர் தம்பி தோட்டத்துக்குப் போகிறேன் என்கிறார், அங்கே ஒரு ஆளுக்குத்தான் வேலை. எனக்கு யார் பொட்டு வைப்பார்கள்? இப்படி நினைத்தால் அழுகை வர வேண்டும். வரவில்லை, கொட்டாவி வந்தது. நாய் என் முட்டி மேல் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. கனம். அந்தக் கனம் மட்டும் எனக்குத் தெரிந்தது.

"ஏனுங்க, இதை யாரும் எடுத்துக்கலீங்களா?" தலைக்கு மேல் ஒரு சத்தம், காட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனைக் கூப்பிடுகிற மாதிரி. நிமிர்ந்தேன். வேட்டியும் கட்டம் போட்ட சட்டையுமாக ஒருத்தர், பக்கத்தில் அவர் சம்சாரம், நூல் பிசிர் ஒட்டின புடவை, தலையிலும் பிசிர். பார்த்ததும் தெரிந்துவிட்டது, தறிக்காரர்கள். "காது கேக்காதுங்க" என்றேன். "ஏனுங்க?" என்று அவர் குனிந்தார். "காது! கேக்காதுங்க!" என்று கத்தினேன். அவர் சிரித்தார், வாய் நிறைய வெற்றிலைக்காவி. "எங்களுக்கு மட்டும் என்ன கேக்குதுங்க! விசைத்தறி ஓட்டற குடும்பமுங்க, சோமனூர்ப் பக்கம். காது போய் ரொம்ப நாளாச்சு." அந்தப் பெண் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் பேசும்போதெல்லாம் அவள் என் உதட்டையே பார்த்தாள். தறிச் சத்தத்தில் நாளெல்லாம் நிற்கிறவர்களுக்கு அந்தப் பழக்கம் வந்துவிடும், பேச்சைக் காதால் கேட்பதில்லை, கண்ணால்தான் பார்ப்பார்கள். "இப்பப் பாதித் தறி நிக்குதுங்க" என்றாள், மெதுவான குரலில். "ஊட்டுல பழைய சத்தமில்லை, எங்களுக்கு இருப்பே கொள்ள மாட்டீங்குது. ஒரு உசுரு குறுக்கயும் நெடுக்கயும் போயிட்டு வந்தாத் தேவலைன்னு வந்தோமுங்க." நாயின் பாதத்தை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "தறி ஓடுனாத் தரையே அதிருமுங்க. இதுக்குக் காதெதுக்கு, காலுக்கே தெரிஞ்சுரும். எந்நேரமும் யாரோ பக்கத்துல இருக்கற மாதிரியே இருக்கும்." அவள் பேர் மயிலாத்தாள். அவர் ஒவ்வொரு தடவையும் அந்தப் பேரை ஊருக்கே கேட்கிற மாதிரிக் கூப்பிட்டார். "மயிலாத்தா! புடிச்சிருக்குதா? கூட்டிட்டுப் போயிரலாமா?"

இதைவிட நல்ல இடம் இந்த நாய்க்குக் கிடையாது. அவள் சொல்லி முடிக்கும்போதே எனக்கு அது தெரிந்துவிட்டது, பாதம் நாலிலும் அதிர்வு ஏறி அது தலையைத் தூக்கிப் பார்ப்பதுகூடக் கண்ணில் தெரிந்தது. தெரிந்தும் நான் வாலைத் தூக்கிக் காட்டினேன். "வேப்பெண்ணெய் போட்டா வந்துருமுங்க" என்றாள். கண்ணைக் காட்டினேன். "எனக்கும் இந்தக் கண்ணுல பூ விழுந்திருக்குதுங்க, ஆப்பரேசன் பண்ணோணும்" என்றாள். தழும்பைக் காட்டினேன். அவர் தன் விரலைக் காட்டினார், தறியில் மாட்டி நுனி போன விரல். வயசாயிருச்சுங்க என்றேன். யாருக்குத்தான் ஆகலை என்றாள். அடுத்து என்ன என்று தேடினேன். தலையிலிருந்து வால் வரை தேடினேன். ஒன்றும் இல்லை. ஒட்டுவதற்கு இடமில்லாமல் கையில் அம்பை வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. அவள் கயிற்றுக்குக் கை நீட்டினாள். "கடிக்குங்க" என்றேன். எப்படி வந்தது? நான் சொல்ல நினைக்கவில்லை, வாய் சொல்லிவிட்டது. "என்னங்க?" என்றார் அவர், காதைக் கொடுத்துக்கொண்டு. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். அவர்தான் கேட்கவில்லை என்கிறாரே, ஒன்றுமில்லைங்க என்று சொல்லியிருக்கலாம். "கடிக்கும்! இது கடிக்குங்க!" கத்தினேன். ஷாமியானா பூராவும் திரும்பிப் பார்த்தது. மயிலாத்தாள் என் உதட்டைப் பார்த்தாள், அப்புறம் கண்ணைக் கீழே இறக்கினாள். பிறகு புருசன் கையைப் பிடித்து எழுந்து, "செரிங்க, வாரோமுங்க" என்றாள். கோபமும் இல்லை, பயமும் இல்லை, பக்கத்து வீட்டில் பேசிவிட்டுக் கிளம்புகிற மாதிரி. இருவரும் வாசல் பக்கம் நடந்தார்கள். நாய் என் முட்டி மேல் மறுபடி தாடையை வைத்தது. எனக்குச் சந்தோசமாக இருந்தது. இத்தனை மாசத்தில் முதல் தடவை. கேவலமாகவும் இருந்தது, ஆனால் சந்தோசம்தான் முதலில் வந்தது.

தாரணி வேகமாக வந்தாள். "அக்கா, யாரைக் கடிச்சுது? எப்போ? என்கிட்டச் சொல்லவே இல்லையே நீங்க?" நான் நாயின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நல்லவேளை இப்பவே சொன்னீங்க" என்று நெற்றியைத் துடைத்தாள். "கடிக்கிற நாயைக் கோயில்லயும் விட முடியாதுக்கா, நாளைக்கு ஒரு கொழந்தையைப் புடிச்சிருச்சுன்னா யார் பதில் சொல்றது? அவிநாசிக்கு அந்தப் பக்கம் கூண்டு வெச்சிருக்கறவர் ஒருத்தர் இருக்காரு, அவருக்குப் போன் பண்றேன். லாரியில அடிபடாம உசுரோட இருக்குமல்ல. என்ன, கூண்டைத் தொறக்க மாட்டாங்க." உயிரோடு இருக்கும். கூண்டில். சிமென்ட் தரையில், அதிர்வு எதுவும் வராத தரையில், சாகிற வரைக்கும். "மேடம், நான் வேண்ணா..." என்று ஆரம்பித்தேன். சிலிண்டர், சுவர், சாக்கு, எல்லாம் ஒரு நொடியில் வந்தது. வீட்டுக்காரம்மா காலில் விழலாம், வேறு வீடு பார்க்கலாம். "நான் வேண்ணா எங்க ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறனுங்க." தாரணி என்னைப் பாவமாகப் பார்த்தாள். "ஊட்டுல கைக்கொழந்தை இருக்குதேக்கா. கடிக்கும்னு நீங்களே சொல்றீங்க, அப்பறம் எப்படிக் குடுப்பேன்?" அவள் போனை எடுத்து நம்பரைத் தேட ஆரம்பித்தாள். கடிக்காதுங்க மேடம் என்று சொல்லலாம். சொன்னால், அப்ப ஏன் சொன்னீங்க என்று கேட்பாள். அவள் கேட்கட்டும். கேட்டால் என்ன சொல்வேன்? எனக்கு வேண்டும் என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டும் என்று நான் கடைசியாக எதைச் சொன்னேன்? தெரியவில்லை. வேலை வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை, சரிங்க சார் என்றுதான் சொன்னேன். எனக்கு வேண்டும், ஆனால் என்னிடம் வந்தால் இது ஒளிந்துதான் வாழ வேண்டும், சிலிண்டர் சந்தில், வீட்டுக்காரம்மா செருப்புச் சத்தம் எனக்குக் கேட்கும்போதெல்லாம் நான் இதன் வாயைப் பொத்த வேண்டும். அப்புறம் ஒருநாள், ஒரு அஷ்டமியன்று, நானே தலை துவட்டிப் பொட்டு வைப்பேன். வைப்பேன். என் கை நடுங்காது, அதுதான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வாசலில் தறிக்காரர் தன் எக்செல் மொபெட்டைக் கிளப்பும் சத்தம் கேட்டது.

எழுந்து ஓடினேன். நாயும் கூடவே ஓடி வந்தது, விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு. "ஏனுங்க! ஏனுங்க!" என்று கத்தினேன், அவர்கள் முதுகுதான் தெரிந்தது, முதுகுக்கு எப்படிக் கேட்கும்? யாரோ சிரித்தார்கள். ஒரு செருப்பு கழன்றுகொண்டது, விட்டுவிட்டேன். வாசலைத் தாண்டி அவர்கள் ரோட்டில் ஏறுகிற நேரத்துக்கு வண்டிக்கு முன்னால் போய்க் குறுக்கே நின்றேன். அவர் பிரேக் பிடித்தார். மயிலாத்தாள் பின்னாலிருந்து எட்டி என் முகத்தைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். மூச்சு வாங்கியதில் சத்தமே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. கடிக்காதுங்க. எனக்கு வேணும்னுதான் பொய் சொன்னேன். என்னால வெச்சுக்க முடியாதுங்க. எடமில்லை. அவள் கண்ணெடுக்காமல் என் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், நான் முடிக்கிற வரைக்கும். பிறகு வண்டியிலிருந்து இறங்கி வந்தாள். "தெரியுமுங்க" என்றாள். "கடிக்கும்னு கத்தும்போது உங்க கை அது வாய்மேலதான் இருந்துது. உங்களுக்கே மனசில்லை போல, எதுக்குப் புடுங்கோணும்னுதான் கெளம்பினோம்." கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் கன்னத்தில் ஓடுவது தெரிந்தது, துடைக்கவில்லை. கயிற்றை அவள் கையில் வைத்தேன்.

"மயிலாத்தா! என்னங்கறாங்க?" என்று அவர் வண்டியில் உட்கார்ந்தபடியே கத்தினார். அவள் அவர் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள். "கடிக்காதாமா! நம்மளக் கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க! அவங்களுக்கு வெச்சுக்க எடமில்லையாமா!"

அவர் என்னைப் பார்த்தார். ஆமாங்க என்று தலையாட்டினேன். அவர் ஹேண்டிலைப் பிடித்தபடி இரண்டு காலையும் ஓரத்துக்கு இழுத்து ஒடுக்கிக்கொண்டு, கால் வைக்கிற பலகையில் நாய்க்கு இடம் விட்டார்.